ரயில் போன தடத்தில் சைக்கிள்: சிங்கப்பூரின் 24 கி.மீ. பாதையில் அப்படி என்ன ஸ்பெஷல்?

சிங்கப்பூர் என்றதும் நினைவுக்கு வருவது வானுயர்ந்த கட்டடங்களும் ஷாப்பிங் மால்களும்தான். ஆனால் அந்தச் சின்ன தீவின் தெற்கிலிருந்து வடக்கு வரை, காட்டை ஒட்டி ஒரு பாதை ஓடுகிறது. ஒருநாள் லீவு, ஒரு சைக்கிள், ரெண்டு பாட்டில் தண்ணீர் போதும். அதன் பெயர் ‘ரயில் காரிடார்’.

இந்தப் பாதை எப்படி வந்தது?

தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை சிங்கப்பூருக்குள் ஓடிய ரயில், மலேசியாவின் கேடிஎம் நிறுவனத்துடையது. நம்ம ஊரில் முன்பு ஓடிய அதே மீட்டர் கேஜ்தான். இரு நாட்டு ஒப்பந்தப்படி, 2011 ஜூன் 30 அன்று தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் கிளம்பியது. மறுநாள் நிலம் சிங்கப்பூர் வசம் வந்தது.

நிலத்துக்குத் தங்கத்தைவிட மதிப்புள்ள ஊர் அது. அடுக்குமாடிகள் கட்டியிருக்கலாம். ஆனால் 2010-லேயே அங்குள்ள இயற்கைச் சங்கம், இதைத் துண்டு போடாமல் பசுமைப் பாதையாக வைத்திருக்க வேண்டும் என்று அரசுக்கு யோசனை தந்தது. பொதுமக்களும் ஆதரித்தார்கள். தண்டவாளங்கள் அகற்றப்பட்டன, தடம் தப்பித்தது. நடுவில் ஒரு இடத்தில் அடைத்தாலும் காட்டு உயிர்களுக்கும் சரி, சைக்கிளுக்கும் சரி, வழி அறுந்துவிடும். அதனால்தான் ‘தொடர்ச்சி’ இங்கே முக்கியம்.

மேடு பள்ளம் அதிகமா?

இல்லை. ரயில் செங்குத்தாக ஏறாது என்பதால், மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் தடத்தைச் சமமாக அமைத்திருந்தார்கள். 163 மீட்டர் உயர புக்கிட் தீமா குன்றின் பக்கத்திலேயே போனாலும், முழங்கால் வலிக்காமல் மிதிக்கலாம்.

சவால் தரையில்தான். பெரும்பகுதி இறுக்கப்பட்ட சரளை, ஓரத்தில் புல். இணைப்புப் பாதைகளில் தாரும் கான்கிரீட்டும். மழை பெய்தால் சில இடங்களில் சேறு.

எந்த சைக்கிள் சரி?

ரேஸ் சைக்கிளின் 25 மி.மீ. டயர் இங்கே உதறித் தள்ளும். 35 முதல் 45 மி.மீ. அகல டயருள்ள ஹைப்ரிட் அல்லது கிராவல் சைக்கிள் பொருத்தம். தார் ரோட்டுக்கு அடிப்பதைவிடக் கொஞ்சம் காற்றைக் குறைத்தால், டயர் தரையோடு அதிகம் ஒட்டும். பிடிப்பும் கூடும், அதிர்வும் குறையும். ரொம்பக் குறைத்தால் கல்லில் மோதி டியூப் பஞ்சர் ஆகிவிடும்.

சரளையில் திரும்பும்போது முன் பிரேக்கை அழுத்தாதீர்கள், வழுக்கும். வளைவுக்கு முன்பே ரெண்டு பிரேக்கையும் மெதுவாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள்.

எங்கே நிற்கலாம்?

1932-இல் கட்டப்பட்ட புக்கிட் தீமா ஸ்டேஷனைத் தவறவிடாதீர்கள். ஒற்றைத் தடத்தில் ரெண்டு ரயில் மோதாமல் இருக்க, ஓட்டுநர்கள் ‘டோக்கன்’ மாற்றிக்கொண்ட இடம் அது. டோக்கன் கையில் இருக்கும் ரயிலுக்கு மட்டுமே அடுத்த பகுதிக்குள் நுழைய அனுமதி. பழுது பார்த்து, 2022-இல் மக்களுக்குத் திறந்தார்கள். அருகிலும், ரயில் மால் பக்கமும் உள்ள பழைய இரும்புப் பாலங்கள் செல்ஃபி ஸ்பாட். சாப்பாட்டுக்கு ரயில் மால் கடைகள் இருக்கின்றன.

ஒரே நாளில் முடியுமா?

மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் போனால், ஒருவழிக்கு 2 மணி நேரம். ஆனால் ஒரு சிக்கல்: எம்ஆர்டி ரயிலில் மடக்கு சைக்கிளுக்கு மட்டுமே அனுமதி. சாதாரண சைக்கிள் என்றால் திரும்பும் வழியையும் மிதித்தே ஆகணும்; மொத்தம் 48 கி.மீ. காலையிலேயே கிளம்பினால் வெயிலையும் மதிய இடிமழையையும் தவிர்க்கலாம். காட்டை ஒட்டிய பகுதிகளிலிருந்து இருட்டுவதற்குள் வெளியே வந்துவிடுவது நல்லது.

இன்னொன்று, இது சைக்கிளுக்கு மட்டுமான பாதை இல்லை. தாத்தா பாட்டிகள், ஓடுபவர்கள், குழந்தைகள் எல்லோரும் வருவார்கள். பின்னாலிருந்து வரும்போது மணியடித்து, வேகத்தைக் குறைத்துக் கடந்து போங்கள். ஸ்ட்ராவாவில் ரெக்கார்டு வைக்கிற இடம் இது இல்லை!