பழைய பஞ்சாங்கமும் புதிய பொறியும்

சென்ற ஆண்டுப் பஞ்சாங்கத்தில் பொய் ஏதும் இல்லை. அதிற்கண்ட திதியும் நட்சத்திரமும் அந்த ஆண்டுக்குச் சரியானவையே. ஆயினும் அதைப் பார்த்து இந்த ஆண்டுக்கு நாள் குறிப்பார் எவரும் இலர். மேலட்டையிலேயே ஆண்டு அச்சிடப்பட்டிருப்பதால் நாம் ஏமாறுவதில்லை. மேலட்டையில் ஆண்டு இல்லாத பஞ்சாங்கம் ஒன்று நம் கைக்கு வந்தால் என்ன ஆகும்? கணிப்பொறியில் இயக்க முறைமையை ஏற்றும் வேளையில் திரையில் தோன்றும் உதவிக் குறிப்புகளுட் சில, அத்தகைய பஞ்சாங்கமாகவே இருந்து வந்திருக்கின்றன.

இயக்க முறைமை என்பது கணிப்பொறியின் உறுப்புக்களை எல்லாம் ஒருங்கே நடத்தும் அடிப்படை ஏற்பாடாகும். விண்டோஸ், லினக்ஸ் முதலியன அவ்வகையின. பாவு ஏற்றாத தறியில் துணி நெய்ய இயலாதவாறு போல, இயக்க முறைமை ஏற்றாத பொறியில் கணக்கெழுத இயலாது. அதனை ஏற்றுவதற்கென்றே தனி நிரல் ஒன்று உண்டு. அது பயனாளரைப் பல கேள்விகள் கேட்கும். ஒவ்வொரு கேள்விக்குங் கீழே சிறு விளக்கமும் தரும். ஹார்ட் டிஸ்கை எவ்வாறு பிரிப்பது, எதை அழிப்பது, எதை வைத்துக்கொள்வது என்பன போன்ற பெரிய முடிவுகள் எல்லாம் அந்தச் சிறு விளக்கத்தை நம்பியே எடுக்கப்படுகின்றன. அவ்வேளையில் இணையத் தொடர்பும் பெரும்பாலும் இராது. ஆகவே புதியவருக்கு அக்குறிப்பே துணை. அத்துணை காலங்கடந்ததாக இருப்பின் விளைவது யாது என்பதையே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இருமடங்கு விதி

நெய்பவர் தமக்கு வேண்டிய நூற்கண்டுகளைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்கிறார். அங்கே கொள்ளாதவற்றைப் பின்கட்டு அறையில் போட்டு வைக்கிறார். கணிப்பொறியிலும் இதுவே முறை. கையெட்டும் இடம் ராம் எனப்படும் நினைவகம். பின்கட்டு அறை, ஹார்ட் டிஸ்கில் ஒதுக்கப்படும் ஸ்வாப் என்னும் பகுதி.

இந்த ஸ்வாப் பகுதி நினைவகத்தைப்போல் இருமடங்கு இருக்க வேண்டும் என்பது நெடுங்காலம் வழங்கிய விதி. அது காரணமின்றி எழுந்ததன்று. நினைவகம் விலையுயர்ந்த பொருளாயிருந்த காலம் அது. பழைய யூனிக்ஸ் முறைமைகள் சிலவற்றில், நினைவகத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் டிஸ்கிலும் இடம் முன்கூட்டியே ஒதுக்கப்பட வேண்டியிருந்தது. 2001 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் கருநிரல் 2.4-இன் தொடக்கப் பதிப்புக்களும் இருமடங்கு இடம் இருந்தாலன்றிச் செவ்வனே இயங்கவில்லை. 64 எம்பி நினைவகம் உடைய பொறியில் 128 எம்பியை ஒதுக்குவது யாருக்கும் பாரமாகவும் இல்லை.

இன்றைய நிலை வேறு. 16 ஜிபி நினைவகமும் 256 ஜிபி டிஸ்கும் உடைய பொறியை எடுத்துக்கொள்வோம். பழைய விதிப்படி 32 ஜிபியை ஒதுக்கினால் டிஸ்கில் அரைக்கால் பங்கு வீணே அடைபட்டுப்போகும். ரெட் ஹேட் நிறுவனத்தின் வழிகாட்டி இப்போது அளவை ஒட்டி வேறுபடுத்திக் கூறுகிறது. நினைவகம் 2 ஜிபி வரையில் இருந்தால் இருமடங்கு. 2 முதல் 8 ஜிபி வரை சம அளவு. அதற்கு மேற்பட்டால் குறைந்தது 4 ஜிபி. பொறியை உறங்கவைத்து, விட்ட இடத்திலிருந்தே மீண்டும் தொடர விரும்புவோருக்கு மட்டும் அதிக இடம் வேண்டும். உபுண்டு என்னும் முறைமையோ 2017 ஏப்ரலில் வெளியான 17.04 பதிப்பு முதல் தனிப் பகுதிக்குப் பதிலாகச் சாதாரணக் கோப்பு ஒன்றையே வழக்கமான ஏற்பாடாக்கிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் இருமடங்கு விதி பல குறிப்புக்களில் நின்று நிலவியது. இன்றும் அதை வேதவாக்காகக் கொள்வார் உளர்.

உழவர்களுக்கு இது புதிதன்று. நெட்டை நெல் ரகங்களுக்குத் தழைச்சத்தை மிகுத்து இட்டால் பயிர் சாய்ந்துவிடும் என்னும் எச்சரிக்கை ஒரு காலத்தில் முற்றிலும் மெய். 1966-இல் ஐ.ஆர். 8 போன்ற குட்டை ரகம் வெளிவந்த பின்பு அதே எச்சரிக்கை விளைச்சலுக்குத் தடையாயிற்று. சொன்னவர் பிழை செய்யவில்லை, பயிர் மாறிவிட்டது.

பிளாப்பி கேட்ட திரை

இரண்டாவது உதாரணம் பிளாப்பித் தகடு பற்றியது. 2001 அக்டோபரில் விற்பனைக்கு வந்த விண்டோஸ் எக்ஸ்பியை ஏற்றும்போது, தொடக்கத்தில் திரையின் அடியில் ஒரு வரி தோன்றும். டிஸ்குக்குத் தனி இயக்கி வேண்டுமாயின் எஃப் 6 விசையை அழுத்துமாறு அது கூறும். அழுத்தினாலோ, இயக்கியைப் பிளாப்பியில் மட்டுமே கேட்கும். ஆனால் 1998-இல் வந்த ஐமேக் முதலாகவே பிளாப்பி அறை இல்லாத பொறிகள் பெருகத் தொடங்கியிருந்தன. புதிய வகை டிஸ்குகளோ தனி இயக்கியை மேன்மேலும் வேண்டின. இதனால் பலர் வெளியிலிருந்து இணைக்கும் பிளாப்பிக் கருவியைத் தேடி வாங்கினர். வேறு சிலர் இயக்கியைச் சேர்த்துப் புதிய குறுந்தகடு தயாரித்துக்கொண்டனர். 2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வந்த விஸ்டாவில்தான் குறுந்தகட்டிலிருந்தும் யுஎஸ்பியிலிருந்தும் இயக்கியை ஏற்கும் ஏற்பாடு அமைந்தது. எக்ஸ்பிக்கு அளிக்கப்பட்ட ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிவுற்றது.

டெபியன் என்னும் லினக்ஸ் முறைமையிலும் இத்தகைய வரி ஒன்று நெடுநாள் இருந்தது. வன்பொருளுக்குரிய ஃபர்ம்வேர் கோப்புக்கள் இல்லையாயின், அவற்றை யுஎஸ்பி அல்லது பிளாப்பியிலிருந்து ஏற்றலாம் என்று அது கூறிற்று. பிளாப்பியின் கொள்ளளவோ 1.44 எம்பி. கம்பியில்லாத் தொடர்புக்கு வேண்டிய ஃபர்ம்வேர் தொகுப்பு அதில் அடங்குவது அரிது. சோனி நிறுவனம் 2011-இல் பிளாப்பி விற்பனையை ஜப்பானில் நிறுத்திய பின்பும் அச்சொல் திரையில் இருந்து வந்தது. முடிவில் அவ்வரியைத் திருத்தியதைக் காட்டிலும் நடைமுறையை மாற்றியதே பெரும் பரிகாரம் ஆயிற்று. 2022-இல் டெபியன் உறுப்பினர் வாக்கெடுப்பு நடத்தி, ஃபர்ம்வேரை நிறுவும் தகட்டிலேயே சேர்ப்பதென்று தீர்மானித்தனர். 2023 ஜூன் 10 அன்று வெளியான 12-ஆம் பதிப்பில் அது நடைமுறைக்கு வந்தது. அதனால் பெரும்பாலோருக்கு அக்கேள்வியே எழாதொழிந்தது.

திருத்தப்படாமை ஏன்?

இதைச் சோம்பல் என்று தள்ளிவிடுதல் நியாயமன்று. முதற் காரணம், எழுதியவர் தம் குறிப்பை மீண்டும் படிப்பதில்லை. பன்முறை ஏற்றிப் பழகியவரின் கை, கண்ணுக்கு முன்னே சென்று விடையை அழுத்திவிடுகிறது. இரண்டாவது, நிரலில் பிழை இருந்தால் சோதனையில் வெளிப்படும். வாக்கியம் பழையதாயிருந்தால் எந்தச் சோதனையும் தடைப்படாது.

மூன்றாவது காரணமே நாம் அதிகம் எண்ணிப்பார்க்க வேண்டியது. டெபியன் நிறுவு நிரல் தமிழ் உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது. ஆங்கில வாக்கியமும் அதற்குரிய தமிழ் வாக்கியமும் இணை இணையாக வைக்கப்பட்டுள்ளன. ஆங்கிலத்தில் ஒரு சொல் மாறினாலும் அந்த இணை ஐயத்திற்குரியது எனக் குறிக்கப்படும். மொழிபெயர்ப்பவர் பார்த்து உறுதி செய்யும் வரையில் தமிழ் வாக்கியம் திரைக்கு வராது, ஆங்கிலமே வரும். ஆகையால் வெளியீட்டுக்கு முன்னர் வாக்கியங்களைத் தொடலாகாது என்று ஒரு தடைக்காலம் வகுத்துக்கொள்கின்றனர். பிளாப்பி என்ற ஒரு சொல்லை நீக்குவதற்கும் எத்தனையோ மொழியினரின் உழைப்பு வேண்டும். அவருட் பலர் ஊதியமின்றிப் பணி செய்பவர். ஒரு சொல்லுக்காக அவர்களை எழுப்ப வேண்டுமா என்ற தயக்கத்திலேயே ஆண்டுகள் கழிகின்றன.

ஆயினும் நட்டம் சிறிதன்று. பிளாப்பி கேட்கும் வரியைக் கண்டு நகைத்தவர், அடுத்த திரையில் டிஸ்கில் உள்ளவை யாவும் அழிந்துவிடும் என்ற மெய்யான எச்சரிக்கையையும் அவ்வாறே கருதிக் கடந்துவிடக்கூடும். பல ஆண்டுக் கணக்கும் நூல் இருப்பும் உறுப்பினர் பங்குத் தொகை விவரமும் அந்த ஒரு விசையில் மறைந்துபோகும். பழைய குறிப்பு தன்னளவில் செய்யும் தீங்கு சிறிது. நல்ல குறிப்பின்மீது அது உண்டாக்கும் அவநம்பிக்கையே பெரிது.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, எந்த இயக்க முறைமையை ஏற்றுமுன்னும் உள்ள கணக்குகளை வேறொரு தகட்டில் படியெடுத்து, அப்படி திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதாக, குறிப்பில் ஓர் எண்ணைக் கண்டால் அதன் காரணத்தைத் தேட வேண்டும். காரணம் விளங்காவிடில், நிரல் தானே முன்மொழியும் அளவை ஏற்பது பெரும்பாலும் நலம். நிரலின் கணக்கு புதுப்பிக்கப்பட்டிருக்கும். அருகிலுள்ள வாக்கியமே பின்தங்கியிருக்கும். டிஸ்க் முழுவதையும் அழிக்கவோ எனக் கேட்குமிடத்தில் மட்டும் எதையும் தானாக ஏற்றுவிடலாகாது.

மூன்றாவதாக, பழைய வரியைக் கண்டவர் வாளாவிருத்தல் தகாது. டெபியன் அமைப்பு, குறைகளை மறைக்கமாட்டோம் என்று 1997-இல் வெளியிட்ட தன் சமூக ஒப்பந்தத்திலேயே உறுதி கூறியுள்ளது. அதன் குறைப்பதிவேட்டை எவரும் பார்க்கலாம். மின்னஞ்சல் வழியே எவரும் எழுதலாம். இன்ன பதிப்பு, இன்ன திரை, இன்ன வாக்கியம், இவ்வாறு இருத்தல் நலம் என நான்கு வரி எழுதினால் போதும். தமிழ் வாக்கியத்தில் குறை கண்டவர் அதையும் எழுதலாம். நிரல் எழுதத் தெரிந்தவர்க்குக் கண்ணிற் படாத வரி, முதன்முறை ஏற்றும் புதியவருக்கே கண்ணிற் படும். ஆதலின் அவர் எழுதும் குறிப்புக்கு மதிப்பு அதிகம்.

நான்காவது, நம் அலுவலகங்களுக்கும் பொருந்துவது. பாவுக்குக் கஞ்சி இடும் பக்குவமாயினும், உர அளவாயினும், கடன் மனுவின் பின்புறத்து விளக்கமாயினும், எழுதும்போது மூன்றைச் சேர்த்து எழுதுவோமாக: விதி, அதன் காரணம், எழுதிய ஆண்டு. இருமடங்கு ஒதுக்குக என்று மட்டும் எழுதினால், எப்போது அதைக் கைவிடுவது என்று பின்வருவோருக்குத் தெரியாது. நினைவகம் குறைவாக இருப்பதால் இருமடங்கு ஒதுக்குக என்று ஆண்டுடன் எழுதியிருந்தால், நினைவகம் பெருகிய அன்றே படிப்பவர் தாமே திருத்திக்கொண்டிருப்பார்.

சங்க அலுவலகச் சுவரில் தொங்கும் அறிவிப்புக்களுள் எத்தனையில் ஆண்டு குறிக்கப்பட்டுள்ளது என்று, அடுத்த முறை செல்லும்போது அங்கத்தினர் ஒவ்வொருவரும் பார்ப்பார்களாக.