மறதி நோயும் தங்கவயல் வீடுகளும்

"வயசாகிவிட்டது, மறதி இருக்கத்தான் செய்யும்" என்று நம் வீடுகளில் சொல்லி விட்டுவிடுகிறோம். நான் ரயில்வேயில் வேலை பார்த்தவன், அதனால் அந்த வழியிலேயே சொல்கிறேன். வண்டி நேரம் மறந்துபோவது வயது. முப்பது வருடம் ஏறி இறங்கிய சாம்பியன் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது நோய். இதற்கு டிமென்ஷியா என்று பெயர். நம் நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இது இருப்பதாக 2023இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

இந்நோயில் பெரும்பாலும் புதிய நினைவுகளே முதலில் போகின்றன, பழையவை தங்குகின்றன. ஆகவே 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்ட சுரங்கத்துக்கு ஒரு தாத்தா விடியற்காலையில் ஷிப்டுக்குக் கிளம்பினால் ஆச்சரியப்பட வேண்டாம். "மைன்தான் மூடியாச்சே" என்று வாதிட்டால் கோபம்தான் மிஞ்சும். "காபி குடித்துவிட்டுப் போகலாம்" என்று பேச்சை மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடுவார். வீட்டாருக்குத் தெரிய வேண்டியது இந்த மாதிரி விஷயங்கள்தான். மாத்திரை நோயைக் குணப்படுத்துவதில்லை.

நம் ஊரில் சிக்கல் வேறு. பிள்ளைகள் இருட்டோடு மாரிகுப்பம் வண்டியைப் பிடித்துப் பெங்களூர் போய் இரவில்தான் திரும்புகிறார்கள். லைன் வீட்டில் பகல் முழுவதும் பார்த்துக்கொள்வது மனைவியோ மருமகளோதான். அவர்களுக்கு ஓய்வு ஏது?

இவர்களுக்காகவே சில அமைப்புகள் உள்ளன. 1992இல் கொச்சியில் இந்திய அல்சைமர் சங்கம் தொடங்கப்பட்டது. பெங்களூரில் 1998இல் தொடங்கிய நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட் நமக்கு அருகில் இருப்பது. கஸ்தூரி நகரில் இதன் மையம் இருக்கிறது. கே.ஆர்.புரம் தாண்டி, பையப்பனஹள்ளிக்குப் பக்கம். நினைவாற்றல் பரிசோதனை, பகல் நேரப் பராமரிப்பு, தங்க வைத்துப் பார்த்தல், வீட்டாருக்குப் பயிற்சி எல்லாம் உண்டு. தங்குவதற்குக் கட்டணம் உண்டு, விசாரித்துக்கொண்டு போவது நல்லது. என்னைக் கேட்டால், அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குப் பயிற்சிதான் மிகப் பயன். அதை வீட்டுக்கே கொண்டுவந்து விடலாம் அல்லவா?

நிமான்ஸும் மாநில அரசும் 2022 ஜனவரியில் தொடங்கிய மூளை ஆரோக்கியத் திட்டத்தில் முதலில் சேர்க்கப்பட்ட மாவட்டங்களில் நம் கோலாரும் ஒன்று. எங்கே போனாலும் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பி12 குறைவு, தைராய்டு இவற்றாலும் மறதி வரும், அது சரியாகிவிடக்கூடியது.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது மொழி. பிற்காலத்தில் கற்ற மொழி முன்னதாக நழுவிப்போகலாம். கன்னடம் சரளமாகப் பேசிய பாட்டி இப்போது தமிழ் மட்டும் பேசலாம். பரிசோதனையில் கன்னடத்தில் கேட்டு, பதில் வராவிட்டால் நோய் முற்றிவிட்டதாகத் தோன்றும். கூடப் போகிறவர், தமிழில் கேளுங்கள் என்று டாக்டரிடம் தயங்காமல் சொல்ல வேண்டும்.

நம் சங்கங்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் மண்டபத்தைத் திறந்துவிட்டால், பார்த்துக்கொள்ளும் பெண்கள் கூடிப் பேசலாம். பெரியவர்களோடு அந்த இரண்டு மணி நேரம் இளைஞர்கள் இருக்கட்டும். பெரிய செலவில்லை.

அதுவரை ஒன்று செய்யுங்கள். பெரியவரின் சட்டைப் பையில் பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி வையுங்கள். மாரிகுப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் ஸ்டேஷன்களிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் முகத்தைக் காட்டிச் சொல்லி வையுங்கள். முதியோர் உதவிக்கான இலவச எண் 14567.