செந்நாய்த் தலைக்கு விலை வைத்த காலம்

ஓநாய் பெருகினால் மான் குறையும், அதனால் சுடத்தான் வேண்டும். அமெரிக்க வேட்டைக்காரர்கள் பலர் இன்றும் சொல்வது இது. விஸ்கான்சின் மாநிலத்தில் 2021 பிப்ரவரியில் அவர்களுக்கு ஒதுக்கியது 119 ஓநாய்கள். மூன்று நாள் முடிவதற்குள் சுட்டது 218.

இதைப் படித்தபோது எனக்கு நம்ம செந்நாய் ஞாபகம்தான் வந்தது. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் அமராவதிக் காடுகளில் இருப்பது. ஓநாய் இல்லைதான், ஆனால் கூட்டமாக வேட்டையாடுகிற அதே நாய்க் குடும்பம். வேட்டைக்காரர்களிடம் வாங்கிய திட்டும் அதே திட்டு.

நீலகிரியில் வெள்ளைக்காரர்களின் வேட்டைச் சங்கம் செந்நாய் கொன்றவருக்குப் பரிசுப் பணம் கொடுத்தது. இத்தனைக்கும் அவர்கள் காட்டை அழிக்க வந்தவர்கள் இல்லை. 1879-லேயே நீலகிரிக்கென்று தனி வேட்டைச் சட்டம் வந்தது. லைசென்ஸ், சுடக்கூடாத மாதங்கள் என்று கட்டுப்பாடு உண்டு. கடமானும் வரையாடும் அங்கே தப்பிப் பிழைத்ததில் அதற்கும் பங்கு இருக்கிறது. ஆனால் மான் அவர்கள் கணக்கில் சொத்து, செந்நாய் அதைத் திருடுகிற திருடன்.

புலியும் மானைத்தானே தின்கிறது? அதற்கு மட்டும் ஏன் அந்த மரியாதை? (தோலை வரவேற்பறையில் மாட்டலாம் என்பதை விடுங்கள்.) புலி பெரும்பாலும் இருட்டில், புதருக்குள், கழுத்தைக் கவ்விக் கொல்லும். யாரும் பார்ப்பதில்லை. செந்நாயோ பட்டப்பகலில், ஒன்று சுமார் 15 கிலோதான் இருக்கும், கூட்டமாகத் துரத்திப் பின்பக்கமாகக் கிழித்து, உயிர் போவதற்கு முன்பே தின்ன ஆரம்பித்துவிடும். பார்க்கச் சகிக்காதுதான். ஆனால் பார்க்கச் சகிக்காததும் மானை ஒழித்துக்கட்டுவதும் ஒன்றில்லையே! அந்தக் குழப்பத்தில்தான் பரிசுப் பணம் போனது என்று நினைக்கிறேன்.

'செந்நாய் வந்தால் காட்டில் மானே இருக்காது' என்ற பேச்சும் பழசு. கூட்டம் சுற்றுகிற நாட்களில் மான்கள் மிரண்டு ஒதுங்கும், அப்போது துப்பாக்கியோடு போனவர் வெறுங்கையோடு திரும்புவார். கூட்டம் நகர்ந்ததும் மான் திரும்ப வரும். நாங்குநேரிக்காரரான ஏ.ஜே.டி. ஜான்சிங் 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் செந்நாய்களின் பின்னாலேயே திரிந்து ஆராய்ந்தார். அவற்றின் முக்கிய இரை புள்ளிமான். அந்தப் புள்ளிமான் பந்திப்பூரில் இன்றும் மந்தை மந்தையாக மேய்கிறது.

1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு இங்கே வேட்டைக்காரர் குரலே இல்லை. அந்த இடத்தில் இப்போது ஆடு வளர்ப்பவர்கள் நிற்கிறார்கள். இவர்கள் இழப்பு விளையாட்டில்லை, வயிற்றுப்பாடு. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறுவது தெருநாய். காட்டோரத்தில் அதே மாதிரி நடந்தால் பழி சுலபமாகச் செந்நாய் மேல் விழுந்துவிடும். கோபத்தில் செத்த ஆட்டில் யாராவது விஷம் வைத்தால், செந்நாய்கள் ஒன்றாகச் சேர்ந்து தின்பவை என்பதால், ஒரே இரவில் ஒரு கூட்டமே போய்விடும். உலகம் முழுக்கவே இனப்பெருக்க வயதில் இருப்பவை சில ஆயிரத்தைத் தாண்டாது.

அதனால் ஆட்டைப் புதைப்பதற்கு முன் வனத்துறையையும் கால்நடை மருத்துவரையும் கூப்பிட்டுக் காட்டுவது நல்லது. தெருநாய் பெரும்பாலும் பல ஆடுகளைக் கடித்துப் போட்டுவிட்டுத் தின்னாமல் போகும். செந்நாய் தின்னத்தான் கொல்லும், கறியை அதிகம் மிச்சம் வைக்காது.