திமிங்கலம் மீனா?

2016-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் இடைப்பட்ட கடற்கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் கரையொதுங்கிக் கிடந்தன. கரிய உடலும் உருண்டைத் தலையும் கொண்ட அவற்றை மீனவ மக்கள் படகுகளில் கட்டி இழுத்து ஆழ்கடலில் விட்டனர். அவ்வாறு விடப்பட்டவற்றுள் சில மறுபடியும் கரைக்கே திரும்பி வந்தன. ஏறத்தாழப் பாதி மாண்டு போயின. 1973-லும் இதே கரையில் 147 திமிங்கலங்கள் ஒதுங்கியதுண்டு.

இதைக் கேள்வியுறும் குழந்தைகள் நம்மைத் திகைக்க வைக்கும் ஒரு வினாவை எழுப்புவார்கள். "மீன் கரைக்கு வந்தால் மூச்சு முட்டிச் சாகும். திமிங்கலமோ காற்றைச் சுவாசிக்கிறது. அப்படியானால் அது ஏன் சாகவேண்டும்?" நல்ல கேள்வி. இதற்கு விடை கூறுமுன், திமிங்கலம் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

பிராணிகளைப் பிரித்தறியும் முயற்சி மிகப் பழமையானது. நம் தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்றும், எறும்பை மூவறிவுயிர் என்றும், நண்டை நான்கறிவுயிர் என்றும், மனிதனை ஆறறிவுயிர் என்றும் புலனறிவைக் கொண்டு வகுத்துள்ளது. கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டிலோ, ஓங்கில் எனப்படும் டால்பின் காற்றைச் சுவாசிப்பதையும் குட்டிக்குப் பாலூட்டுவதையும் கண்டு, அதை மீனினின்றும் பிரித்து வைத்தார்.

இன்று உலகெங்கும் வழங்கும் முறைக்கு அடித்தளமிட்டவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். 1707-இல் பிறந்த இவர், 1735-இல் வெளியிட்ட நூலில் திமிங்கலத்தை மீன்களோடுதான் சேர்த்திருந்தார். 1758-இல் வந்த பத்தாம் பதிப்பில் அதை மாற்றி, பாலூட்டிகள் என்ற வகுப்பில் வைத்தார். தாம் எழுதியதையே திருத்தத் துணிந்த இவ்வறிஞரை நாம் பாராட்டவேண்டும். ஆனால் அவரும் தவறாதவர் அல்லர். அதே பத்தாம் பதிப்பில் சுறாவை ஆமைகளும் தவளைகளும் உள்ள வகுப்பில் சேர்த்துவிட்டார்!

அவர் முறை ஏறக்குறைய ஓர் அஞ்சல் முகவரி போன்றது. நாடு, மாநிலம், மாவட்டம், ஊர், தெரு, வீடு என்று குறுகிக்கொண்டே வருவது போல, உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று இன்று வகுக்கின்றனர். புலியும் சிங்கமும் ஒரே பேரினம். நம் வீட்டுப் பூனை அவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

எனினும் அறிஞர் சொன்னதை ஊரார் எளிதில் ஏற்றுக்கொண்டார்களா? நியூயார்க் மாநிலத்தில் மீனெண்ணெய்ப் பீப்பாய்களைச் சோதனையிட்டு, அதற்குக் கட்டணம் பெறவேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. சாமுவேல் ஜட் என்ற வணிகர் மூன்று பீப்பாய் திமிங்கல எண்ணெயைச் சோதனையின்றி வாங்கினார். திமிங்கலம் மீன் அன்று என்பது அவர் வாதம். 1818 டிசம்பரில் வழக்கு நீதிமன்றம் ஏறியது. சாமுவேல் மிச்சில் என்ற அறிஞர் வணிகருக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னார். ஜூரிகள் கால் மணி நேரம் கலந்து பேசி, திமிங்கலம் மீனே என்று தீர்ப்பளித்தனர்! அடுத்த ஆண்டே சட்டமன்றம் திமிங்கல எண்ணெய்க்கு விலக்களித்தது.

அந்த ஜூரிகளை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. சட்டம் இயற்றியவர் மீன் என்று எதைக் கருதினார் என்பதே அவர்கள் முன்னிருந்த கேள்வி. வெனிசுவேலா நாட்டுக் கத்தோலிக்கர் தவக்காலத்தில், நீரில் வாழும் கபிபாரா என்ற பெரிய கொறிக்கும் பிராணியின் இறைச்சியை மீனைப் போல உண்பது நெடுங்கால வழக்கம். அது உணவு ஒழுங்கு பற்றியது. விஞ்ஞானி கேட்பதோ உறவுமுறை: எது எதற்குச் சொந்தம்? இக்காலத்தில் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, திமிங்கலத்துக்கு மிக நெருங்கிய உறவினர் ஆற்றில் வாழும் நீர்யானை என்று தெரிய வந்தது.

இனிக் குழந்தைகளின் கேள்விக்கு வருவோம். பாலூட்டி என்றால் வெப்ப இரத்தம், நுரையீரல். குளிர்ந்த நீரிலும் சூடு காக்கத் தோலுக்கடியில் தடித்த கொழுப்பு உண்டு. வெயிலில் மணல்மேல் கிடக்கும்போது அக்கொழுப்பே போர்வையாகி உடலைக் கொதிக்க வைக்கிறது. நீர் தாங்கிய பெரும் எடை, தரையில் அதன் நுரையீரலையே அழுத்துகிறது. ஆகவேதான் ஈரத்துணி போர்த்தி நீர் ஊற்றுகிறார்கள். ஆனால் மூச்சுத் துளைக்குள் ஒரு துளி நீரும் புகாமல் காக்க வேண்டும். மீன் என்று எண்ணித் தலைமேல் நீரைக் கொட்டுபவர், காப்பாற்ற வந்த உயிரையே மூச்சுத் திணற வைத்துவிடுவார்.

மணப்பாட்டில் ஒதுங்கியவை, பெயரில் திமிங்கலமாயினும், ஓங்கில் குடும்பத்தைச் சேர்ந்தவை. கூட்டத்தை விட்டுப் பிரியாத இயல்பு அவற்றுக்கு உண்டு. கடலில் விட்டபின்னும் சில திரும்பி வந்ததற்கு, கரையில் கிடந்த தம் இனத்தைத் தேடியதே காரணமாய் இருக்கலாம்.