வட்டைக்குப் போகும் சப்பாத்து

கட்டாரிலிருந்து மகன் கொண்டுவந்த பாதுகாப்புச் சப்பாத்து, பெட்டி பிரிக்காமல் அலுமாரி மேல் நாலைந்து வருடம் கிடக்கும். ஒரு பெரும்போகத்தில் வாப்பா அதை மாட்டிக்கொண்டு வயல் வட்டைக்குப் போவார். இரண்டாவது வரம்பு தாண்டுவதற்குள் அடி கழன்று, நனைந்த ரஸ்க் மாதிரி உதிர்ந்துவிடும். மேல்தோல் மட்டும் புத்தம் புதிதாக மினுங்கும். கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறைப் பக்கம் இது பல வீடுகள் கண்ட காட்சி. விற்ற கடைக்காரனுக்குத்தான் திட்டு விழும். ஆனால் குற்றவாளி பெரும்பாலும் காற்றிலுள்ள ஈரம்.

பல வேலைச் சப்பாத்துகளின் அடி பொலியூரித்தேனில் ஆனது. பாரம் குறைவு, காலுக்கு மெத்தென்றிருக்கும். ஆனால் ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் அதன் வேதிப்பிணைப்புகளை நீர் ஒவ்வொன்றாக அறுக்கும். இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். காலில் போடாமல் பத்திரமாக வைத்திருந்தாலும் அறுப்பு நிற்காது. எனவே விலையைப் பார்க்குமுன் அடியிலோ நாக்கிலோ பொறித்திருக்கும் உற்பத்தித் திகதியைப் பார்க்க வேண்டும். மலிவு விற்பனையில் வரும் பழைய சரக்கு மலிவாகாது. ரப்பர் அடிக்கு இந்த நோய் இல்லை.

உலகச் சந்தையில் 'வேட்டைச் சப்பாத்து' என்று விற்பவற்றில் பல குளிர்தேசத்து மலைகளுக்கானவை. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேட்டையைக் கட்டிப்போட்டிருக்கிறது. இரவில் காட்டோரம் நடப்பவர் பெரும்பாலும் பன்றியையும் யானையையும் பயிரிலிருந்து விரட்டப் போகும் காவற்காரர்தான். அவருக்குக் குளிர் பிரச்சினையில்லை. சேறு, எலி, பாம்பு, இந்த மூன்றுமே பிரச்சினை.

எலிதான் மோசம். அதன் சிறுநீர் கலந்த வயல்நீரிலிருந்து லெப்டோஸ்பைரா கிருமி, காலின் கீறல் வழியாகவும் ஊறிய தோல் வழியாகவும் உள்ளே போகிறது. 2008இல் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோருக்கு எலிக்காய்ச்சல் சந்தேகிக்கப்பட்டது. ஏறத்தாழ 200 பேர் இறந்தார்கள். சுகாதாரப் பகுதியினர் விவசாயிகளுக்கு டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுப்பது இதற்காகத்தான். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் நல்ல தடுப்பு. ஆனால் ஓட்டை விழுந்த பூட்ஸ் காலைச் சுற்றிக் கட்டிய குளம்.

உழுது கலக்கிய சேற்றில் பூட்ஸ் சரிவராது என்று வயலைப் பார்க்கும் முல்லைக்காரர் சொல்வதும் வெறும் பிடிவாதமல்ல. காலைத் தூக்கும்போது அடிக்குக் கீழே அழுத்தம் குறைந்து சேறு இழுத்துப் பிடிக்கிறது. வெறும் பாதத்தில் விரல்கள் அசைந்து இடைவெளி விடும். தட்டையான அடி விடாது. குதியை முதலில் திருப்பித் தூக்கினால் வரும், இல்லையென்றால் கால் மட்டும் வரும். ஆகவே பூட்ஸுக்குரிய இடம் வரம்பும் வாய்க்காலும் அறுவடை வயலும்தான். வைக்கோலுக்கடியில் சுருண்டு கிடக்கும் புடையன், அதாவது கண்ணாடி விரியன், பெரும்பாலும் கணுக்காலையோ அதற்குக் கீழோதான் கடிக்கும்.

ரப்பரா, பி.வி.சி.யா? முன்பாதத்தில் மடித்துப் பார்த்தால் ரப்பர் இலகுவாக வளைந்து உடனே நிமிரும்; பி.வி.சி. முரண்டு பிடிக்கும். விலை குறைந்த பி.வி.சி. வெயிலில் காயக் காய இறுகி, மடிப்பு விழும் இடத்திலேயே வெடிக்கும். ரப்பர் கிழிந்தால் சைக்கிள் கடையில் சொலூசன் பூசி ஒட்டு வைக்கலாம். 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கியதால்தான் ரப்பர் வெயிலில் இளகாமல் நின்றது. 1853இல் ஹிராம் ஹச்சின்சன் பிரான்சில் அதைக்கொண்டு பூட்ஸ் செய்யத் தொடங்கினார். டீசலும் என்ஜின் ஒயிலும் மட்டும் அதற்கு ஆகாது. உழவு இயந்திரக்காரர் கவனிக்க வேண்டும்.

அறுவடை மெசினோடு நிற்பவருக்கு எஸ்5 பாதுகாப்புக் குறியிட்ட பூட்ஸ் பொருந்தும். ஆணி ஏறாத அடி. 20 கிலோ பாரம் ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழும் அடியைத் தாங்கும் முனை.

கயிறு கட்டும் உயரச் சப்பாத்து கணுக்காலை நன்றாகப் பிடிக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் ளுஹர் தொழுகைக்கு வுழூ எடுத்துக் கால் கழுவ ஒருமுறை, அஸருக்கு மறுமுறை, சேறு காய்ந்த கயிற்றை அவிழ்த்துக் கட்டிப் பார்த்தவர் மூன்றாம் நாள் செருப்போடு போவார். உருவிக் கழற்றும் பூட்ஸ் அந்த வகையிலும் வெல்கிறது. மருந்தடிக்கும் நாளில் காற்சட்டையை அதற்கு வெளியே விட வேண்டும். உள்ளே செருகினால் வழியும் மருந்தெல்லாம் பூட்ஸுக்குள்தான் இறங்கும்.