தாமே கற்பார்க்கு இதழே ஆசான்

பேரா மாநிலத்தின் தென்பகுதியில், கேமரன் மலைக்குச் சாலை பிரியுமிடத்தில் அமைந்த ஊர் தாப்பா. அதனைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தோர்க்கு முற்காலத்தில் வாய்த்த கல்வி சிறிதே. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பதின்மர் உள்ள தோட்டங்களிற் பள்ளி அமைக்குமாறு நிர்வாகங்களைப் பணித்தது. ஆயினும் அப்பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. மேலும் கற்க விழைந்த இளைஞர்க்கு ஆசானாக அமைந்தவை இதழ்களே.

அவற்றுள், செய்தி கூறி அமைந்தவை வேறு. வாசகரைப் பயிற்றியவை வேறு. பின்னதற்குச் சிறந்த சான்று, 1950ஆம் ஆண்டில் ‘தமிழ் நேசன்’ நாளேடு தொடங்கிய கதை வகுப்பாகும். சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதனை நடத்தினர். சிறுகதையின் இலக்கணம் பாடமாக வெளிவந்தது; வாசகர் பயிற்சி எழுதி அனுப்பினர்; அது மதிப்பிடப்பெற்றது. பயின்றோருட் பலர் பின்னர் எழுத்தாளராயினர். ‘தமிழ் முரசு’ ஏடும் 1950களில் மாணவர் மணிமன்றம் வாயிலாக இளையோரை எழுதத் தூண்டியது.

இவ்விரண்டினின்றும் ஓர் அளவுகோல் பெறலாம். வாசிப்பவன் எழுதியதற்கு மறுமொழி தரும் இதழே கற்பிக்கும் இதழ். ஏனெனில், தனித்துக் கற்பவனுக்குப் பெருங்குறை நூலின்மை அன்று. தன் பிழையை எடுத்துக்காட்டுவார் இன்மையே.

‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுவிட்டது. ‘தமிழ் முரசின்’ பழைய ஏடுகளைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் மின்வடிவிற் பேணி வருகிறது. முற்கால மாணவர் எழுத்தை ஆராய்வோர்க்கு அவை அரும்பொருள். அறிவியலில் நாட்டமுள்ள சிறார்க்கு, தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இல் தொடங்கிய ‘துளிர்’ திங்களிதழ் பொருந்தும். இல்லத்திலே கற்பிக்கும் பெற்றோர் அதன் கட்டுரையொன்றை எடுத்து, பிள்ளையைத் தன் சொற்களில் எழுதச் செய்யலாம்.

ஆயினும், பழைய ஏடு மறுமொழி தராது. அவ்விடத்தை நிரப்ப வேண்டியவர் தமிழாசிரியரே. பத்துக் குடும்பங்கள் கூடி ஓர் இதழை வரவழைத்து, பிள்ளைகள் திங்கள்தோறும் எழுதுவதை ஓர் ஆசிரியர் திருத்தித் தரின், தாப்பா போன்ற சிற்றூரிலும் கதை வகுப்பின் பயன் மீண்டும் கைகூடும்.