மழலையருக்கு முகக்கவசம் வேண்டுமா?

சளிக்காய்ச்சல் பரவுகிறது என்ற செய்தி வந்ததும் மழலையர் வகுப்புப் பெற்றோர் கேட்பது, "டீச்சர், பாப்பாவுக்கு மாஸ்க் போட்டு அனுப்பட்டுமா?" என்பதுதான். திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் இந்தக் கேள்வி அடிக்கடி எழும். கிரிவலப் பாதை இவ்வழியே செல்கிறது. பௌர்ணமிதோறும் பல ஊர் மக்கள் கூடுகிறார்கள். கடைகளிலும் விடுதிகளிலும் வேலை பார்க்கும் பெற்றோர், நாள் முழுதும் அந்தக் கூட்டத்தில் இருந்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். அவர்களது அச்சம் நியாயமானது. அதற்குத் தெளிவான விடை சொல்வது நம் பொறுப்பு.

கொரோனா காலத்தில் இதே கேள்வி உலகெங்கும் விவாதிக்கப்பட்டது. 5 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ள குழந்தைகளுக்கு முகக்கவசத்தைக் கட்டாயமாக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்டில் கூறின. 6 முதல் 11 வயது வரை, நோய்ப் பரவலையும் குழந்தை அதைச் சரியாக அணியும் திறனையும் பெரியவர்களின் கண்காணிப்பையும் பொறுத்து முடிவெடுக்கலாம். 12 வயது முதல் பெரியவர்களுக்கான விதியே பொருந்தும். நம் மத்திய சுகாதார அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும் 5 வயது வரை முகக்கவசத்தைப் பரிந்துரைக்கவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமோ 2 வயதிலிருந்தே அணியச் சொன்னது. ஆக, வல்லுநர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இருந்ததில்லை.

நம் அங்கன்வாடிக்கும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளுக்கும் எது பொருந்தும்? மூன்று வயதுக் குழந்தை முகக்கவசத்தை இழுக்கும், கடிக்கும், தோழியோடு மாற்றிக்கொள்ளும். எச்சிலில் நனைந்த துணியால் பயன் குறைவு. மூச்சு விடவும் சிரமம். சாப்பாட்டு நேரத்தில் எப்படியும் கழற்றியாக வேண்டும். தூங்கும்போதும் ஓடி விளையாடும்போதும் அணியவே கூடாது. இவற்றைக் கழித்துப் பார்த்தால், முறையாக அணிந்திருக்கும் நேரம் சொற்பமே.

இழப்பு வேறொன்றும் உண்டு. குழந்தை காதால் மட்டும் பேசக் கற்பதில்லை; வாயையும் பார்த்துக் கற்கிறது. ப, ம இரண்டும் உதடுகள் சேர்ந்து பிறக்கும் ஒலிகள் என்பதைத் தொல்காப்பியத்தின் பிறப்பியலே விளக்குகிறது. 'உ' சொல்ல உதடு குவிவதும் 'இ' சொல்ல விரிவதும் கண்ணுக்குத் தெரியும் பாடங்கள். கேள்விக் குறைபாடுள்ள குழந்தைக்கு ஆசிரியரின் உதடசைவே பெரிய துணை. ஆசிரியர் முகக்கவசம் அணிய நேரும் நாள்களில், உதடு தெரியும் வகைக் கவசம் கிடைத்தால் அதைப் பயன்படுத்தலாம். இல்லையெனில் ஒலிப்புப் பயிற்சியை மட்டும் மரத்தடியில், சற்று விலகி நின்று, கவசமின்றி நடத்தலாம். ஆசிரியருக்கே சளி, காய்ச்சல் இருந்தால் விடுப்பு எடுப்பதே நல்லது.

அப்படியானால் சிறு குழந்தைகளை எப்படிக் காப்பது? வகுப்பறையின் சன்னல்களைத் திறந்து வைப்போம். இயன்ற செயல்பாடுகளைத் திறந்தவெளியில் நடத்துவோம். உணவுக்கு முன்னும் கழிப்பறை சென்று வந்த பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவச் செய்வோம். இருமும்போது முழங்கை மடிப்பால் வாயை மூடுவதை விளையாட்டாகவே பழக்கலாம். காய்ச்சலுள்ள குழந்தை வீட்டில் ஓய்வெடுக்கட்டும். வருகைப் பதிவு குறையுமே என்று வற்புறுத்தி வரவழைக்க வேண்டாம். தடுப்பூசி அட்டையைப் பார்த்து, விடுபட்டது இருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அனுப்பலாம். வீட்டில் இருமல் உள்ள பெரியவர்கள் முகக்கவசம் அணிந்தால் குழந்தைக்கும் அது பாதுகாப்பு.

எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தை, இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ள குழந்தை என்றால் மருத்துவரின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும். அரசு புதிய அறிவுறுத்தல் வெளியிட்டால் அதுவே முன்னுரிமை பெறும்.

பெற்றோர் அடுத்த முறை கேட்கும்போது, "பாப்பாவுக்கு வேண்டாம்மா, வீட்டில் இருமுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் அனுப்பாதீர்கள்" என்று சொல்லலாம். காரணத்தையும் இரண்டு வரியில் சேர்த்துச் சொன்னால் அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.